வாரம் ஒரு பயிற்சி: டிஜிட்டல் ஒளிப்படம் கற்கத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

ஒளிப்பட வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு வாரப் பயிற்சிகளின் பட்டியல் முதல் நாளே கைக்கு வந்துவிடும். இந்த வாரம் அசைவு, அடுத்த வாரம் நிழல் என்று தலைப்புகள் மட்டுமே அதில் இருக்கும். அந்த ஒரு தலைப்பை வைத்துக்கொண்டு ஏழு நாள்களை எப்படிப் பங்கிடுவது, எத்தனை படங்கள் எடுப்பது, எதை வாங்குவது, எதை வாங்காமல் தவிர்ப்பது, கோப்புகளை எந்த வடிவில் ஒப்படைப்பது என்பனவற்றைப் பெரும்பாலும் யாரும் எழுதித் தருவதில்லை. நான் பயின்ற வகுப்பிலும் நிலைமை அதுதான். ஒவ்வொன்றையும் திணறித் திணறித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததால், அடுத்து வருபவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று இதை எழுதுகிறேன். வகுப்பில் சேராமல் தாமாகவே ஒரு பயிற்சிப் பட்டியலைப் பின்பற்றுபவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

முறைகளுக்குள் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வாரத் தலைப்பையும் இரண்டு முறை எடுக்க வேண்டும். முதல் முறை எடுத்த படங்களைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, எது நினைத்தபடி வரவில்லை என்று கண்டுகொண்டு, அதே பொருளிடம் திரும்பிச் சென்று எடுக்கும்போதுதான் பாடம் கைக்குள் வருகிறது. கீழே நான் சொல்லும் கால அட்டவணை, படங்களின் எண்ணிக்கை, செலவு எல்லாம் அந்த இரண்டாம் முறைக்கு இடம் கொடுப்பதற்காகவே அமைந்தவை.

1. செலவழிக்கும் முன் பார்க்க வேண்டியவை

அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு), ஷட்டர் வேகம் (ஒளி பதிவாகும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) ஆகிய மூன்றையும் கையால் மாற்ற முடிகிற எந்தக் கேமராவும் போதும். அதன் மேற்புறச் சக்கரத்தில் இயக்கும் முறைகளைக் குறிக்கும் பி, ஏ, எஸ், எம் என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கேனன் கேமராக்களில் ஏ, எஸ் ஆகியவற்றின் இடத்தில் ஏவி, டிவி என்று இருக்கும். பத்தாண்டு பழைய மாதிரியாக இருந்தாலும் கவலையில்லை. கேமராவோடு சேர்த்து விற்கப்படும் 18–55 மில்லிமீட்டர் லென்ஸிலேயே அநேகமாக எல்லாப் பயிற்சிகளையும் முடித்துவிடலாம்.

கைபேசி மட்டும் இருப்பவர்களும் தொடங்கலாம். கையால் இயக்கும் முறை உள்ள செயலியில் ஷட்டர் வேகத்தையும் ஐஎஸ்ஓவையும் மாற்ற முடியும். ஆனால் மிகப் பெரும்பாலான கைபேசிகளில் அப்பர்ச்சர் நிலையானது. உருவப்பட (போர்ட்ரெய்ட்) முறையில் பின்னணி மங்குவது மென்பொருள் செய்யும் வேலை என்பதால், அப்பர்ச்சர் வாரத்தை அதில் கற்க இயலாது. அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் யாரிடமாவது கேமராவை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய கேமராவை வாங்குகிறீர்கள் என்றால், பணம் கொடுப்பதற்கு முன் நான்கு சோதனைகளைச் செய்யுங்கள். முதலாவதாக, அப்பர்ச்சரை எஃப் 16 என்ற சிறிய துளையில் வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெறும் வெள்ளைச் சுவரையோ தெளிந்த வானத்தையோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான கரும்புள்ளிகள் பெரும்பாலும் ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரில் படிந்த தூசு, அதைத் துடைத்துவிடலாம். கோடு போன்ற தடங்கள் தெரிந்தால் அது கீறலாக இருக்கக்கூடும், விலகிவிடுங்கள். அடுத்து, லென்ஸின் ஒரு முனையிலிருந்து டார்ச் ஒளியைப் பாய்ச்சி மறுமுனை வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மூன்றாவது, ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற எண்ணிக்கை. தொடக்கநிலைக் கேமராக்கள் பலவற்றின் ஷட்டர் ஏறத்தாழ 1,00,000 முறை இயங்கும் என மதிப்பிடப்பட்டிருக்கும். கடைசியாக, ரசீதில் உள்ள வரிசை எண்ணும் கேமராவின் அடியில் பொறித்துள்ள வரிசை எண்ணும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். ரசீது இல்லையென்றால், விற்பவரிடம் வரிசை எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கையெழுத்திட்ட தாளாவது வாங்கிக்கொள்ளுங்கள். கேமரா தொலைந்தால் புகார் கொடுக்கவும் காப்பீடு கோரவும் அந்த எண்தான் உதவும்.

கேமராவுக்கு அடுத்த செலவு இன்னொரு மின்கலமும் இன்னொரு மெமரி கார்டும். அதன்பின் ஒரு வெளிப்புற ஹார்டு டிஸ்க்; முக்காலியைக் குறைந்த ஒளிக்கான வாரம் நெருங்கும்போது வாங்கினால் போதும். கடைக்காரர்கள் முதலிலேயே கையில் திணிக்கும் யூவி ஃபில்டர் (புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி) டிஜிட்டல் சென்சாருக்குத் தேவையில்லை, அது லென்ஸ் முகப்புக்கு ஒரு காப்பு மட்டுமே. 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் நல்ல முதலீடுதான். ஆனால் அது உங்களுக்கு எதற்குத் தேவை என்பது அப்பர்ச்சர் வாரம் முடிந்த பிறகே தெரியும் என்பதால் அதுவரை பொறுத்திருங்கள். படத் திருத்தத்துக்கு டார்க்டேபிள், ராதெரப்பி, கிம்ப் ஆகிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. லைட்ரூம் போன்றவற்றுக்குச் சந்தா கட்ட வேண்டும். அதிலும் மாணவர் சலுகை கேட்டால் மாணவர் என்பதற்கான சான்று கேட்பார்கள் என்பதால், கல்வி நிறுவனம் தந்த அடையாள அட்டையும் மின்னஞ்சல் முகவரியும் கைவசம் இருக்கட்டும்.

2. முதல் வாரத்துக்கு முன்பே செய்துவிட வேண்டிய அமைப்புகள்

இதற்கு ஒரு மாலை நேரம் போதும், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். கேமராவின் தேதியையும் நேரத்தையும் சரியாக அமையுங்கள். ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது பதிவாகிறது, பின்னர் எந்தப் படம் எப்போது எடுத்தது என்று தேட அதுவே துணை. கோப்பு வகையை ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு), ஜேபெக் (கேமரா சுருக்கித் தரும் வழக்கமான படக் கோப்பு) இரண்டும் சேர்ந்து பதிவாகும்படி வையுங்கள். வண்ணவெளியை, அதாவது படத்தில் இடம்பெறும் நிறங்களின் வரம்பை, எஸ்ஆர்ஜிபி என்று வையுங்கள். அடோபி ஆர்ஜிபியில் வைத்து எடுத்த ஜேபெக் படங்கள், நிறங்களைச் சரியாகக் கையாளாத திரைகளில் வெளிறித் தெரியும். மிகைவெளிச்சமான இடங்கள் சிமிட்டிக் காட்டும் எச்சரிக்கையை இயக்குங்கள். ஃபோகஸுக்கு ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். கேமராவே இடத்தைத் தேர்ந்தெடுக்க விட்டால், அது பெரும்பாலும் மிக அருகில் இருக்கும் பொருளைப் பிடித்துக்கொள்ளும்.

தானியங்கி ஐஎஸ்ஓவை மறக்காமல் அணைத்துவிடுங்கள். கையால் அமைக்கும் எம் முறையில் எல்லாம் உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது, அது பின்னாலிருந்து ஐஎஸ்ஓவை ஏற்றி இறக்கி எல்லாப் படங்களையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஷட்டர் வேகத்தை மாற்றியும் படத்தின் வெளிச்சம் மாறவில்லையே என்று மாணவர்கள் குழம்புவதற்கு இதுவே முதல் காரணம்.

3. ஏழு நாள்களைப் பங்கிடும் விதம்

முதல் நாள் பயிற்சித் தாளை வாசித்து, வீட்டுக்குள்ளேயே அரைமணி நேரம் சோதனைப் படங்கள் எடுங்கள். அன்றே குறிப்பேட்டில் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இந்த வாரம் எதைக் காட்டப்போகிறேன்? 'அசைவு' என்று எழுதினால் போதாது. 'நடக்கிறவரின் கால்கள் மட்டும் கலங்கித் தெரிய வேண்டும்' என்று எழுதுங்கள். படத்தைப் பின்னர் மதிப்பிடுவதற்கு இந்த வாக்கியம்தான் அளவுகோல்.

இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ முதல் முறை எடுங்கள். அறுபது முதல் நூறு படங்கள் போதும். அன்று இரவே கணினியில் பாருங்கள். ஐந்தாம் நாள் இரண்டாம் முறை. இப்போது என்ன வேண்டும் என்பது தெரிந்திருப்பதால், முப்பது நாற்பது படங்களுக்கு மேல் தேவைப்படாது. ஆறாம் நாள் தேர்வும் திருத்தமும், ஏழாம் நாள் ஒப்படைப்பு. நான்காம் நாளை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறேன். மழையோ மேகமூட்டமோ உடல்நலக் குறைவோ வந்தால் அந்த நாள்தான் காப்பாற்றும்.

இரண்டாம் முறை செல்லும்போது கூடியவரை முதல் முறை சென்ற அதே நேரத்துக்குச் செல்லுங்கள். காலை ஏழு மணிக்கும் பதினொரு மணிக்கும் ஒளியின் திசையே வேறு. நேரத்தையும் மாற்றி, அமைப்பையும் மாற்றினால், எந்த மாற்றத்தால் படம் மேம்பட்டது என்று சொல்ல முடியாமல் போய்விடும். கேமரா தன் எண்களை எல்லாம் தானே படத்துக்குள் எழுதிவைக்கிறது. ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, நீங்கள் எவ்வளவு தொலைவில் நின்றீர்கள் என்பதை மட்டும் நீங்கள்தான் எழுத வேண்டும்.

4. முதல் நான்கு வாரங்கள்: ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

பட்டியல் உங்களுக்குத் தரப்பட்டதாக இருந்தாலும், தலைப்புக்குள் இந்த வரிசையைப் பின்பற்ற முயலுங்கள்.

முதலில் ஷட்டர் வேகம். ஒருவரைக் குறுக்காக நடக்கச் சொல்லி, 1/1000, 1/250, 1/60, 1/15, 1/4 நொடி என்று மாற்றி மாற்றி எடுங்கள். கேமராவை மேசையிலோ சுவரிலோ அழுத்தி ஊன்றிக்கொள்ளுங்கள். பிறகு திரையில் அவருடைய பாதங்களை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். 1/1000-இல் இரண்டு பாதங்களும் கல்லில் செதுக்கியதுபோல் நிற்கும். 1/60-இல் உடல் ஓரளவு தெளிவாக இருக்க, வீசி முன்னே வரும் பாதம் மட்டும் கலங்கியிருக்கும். 1/15-இல் உடல் முழுவதும் இழுபட்டிருக்க, தரையில் ஊன்றிய ஒரு பாதம் மட்டும் தெளிவாக நிற்கும், ஏனெனில் அந்தக் கணத்தில் அசையாமல் இருந்தது அது ஒன்றுதான். இதைக் கண்ணால் கண்ட பிறகு ஷட்டர் வேகம் வெறும் எண்ணாகத் தோன்றாது.

அடுத்து, உங்கள் கை நடுக்கத்தின் எல்லையைக் கண்டுபிடியுங்கள். பழக்கத்தில் உள்ள விதி, ஷட்டர் வேகப் பின்னத்தின் கீழ் எண் லென்ஸின் குவியத்தூரத்தை (அதில் மில்லிமீட்டரில் குறித்துள்ள எண்ணை) விடக் குறையக் கூடாது என்பது. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 1/50 நொடி. சென்சார் சிறிதாக உள்ள கேமராக்களில் 1.5 அல்லது 1.6 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்பதால் அது 1/80 ஆகிறது. லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பு உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் சரிசெய்யுமே தவிர, எதிரில் அசைகிற ஆளை நிறுத்தாது. இந்த இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் பலருடைய படங்கள் கலங்குகின்றன.

இரண்டாம் வாரம் அப்பர்ச்சர். இங்கே எண்கள் தலைகீழாக இருப்பது போலத் தோன்றும். லென்ஸின் குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வருவதுதான் அந்த எண். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 2 என்றால் துளையின் விட்டம் 25 மில்லிமீட்டர், எஃப் 8 என்றால் 6.25 மில்லிமீட்டர். எஃப் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற வரிசையில் ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகக் குறைகிறது. இந்த வரிசையை மனப்பாடம் செய்துவிடுங்கள், வேறு வழியில்லை. மூன்று பொருள்களை ஒரு முழ இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, நடுவில் உள்ளதில் ஃபோகஸ் செய்து, வரிசை முழுவதையும் எடுங்கள். 18–55 லென்ஸில் ஒரு பொறி இருக்கிறது: 18 மில்லிமீட்டரில் எஃப் 3.5 வரை திறக்கும் துளை, 55 மில்லிமீட்டருக்கு நீட்டியதும் எஃப் 5.6-ஐத் தாண்டித் திறக்காது. பின்னணி போதிய அளவு மங்கவில்லை என்றால் புதிய லென்ஸைத் தேடாதீர்கள். 55 மில்லிமீட்டருக்கு நீட்டி, பொருளை நெருங்கி, பின்னணி வெகுதொலைவில் இருக்கும்படி நின்று பாருங்கள். அப்பர்ச்சரைப் போலவே தூரமும் குவியத்தூரமும் பின்னணியை மங்கவைக்கும்.

மூன்றாம் வாரம் ஒளியளவு. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறது. வெள்ளைத் துணியை எடுத்தால் சாம்பலாக வரும், கறுப்புத் துணியை எடுத்தாலும் சாம்பலாகவே வரும். வெள்ளையை வெள்ளையாக்க, கேமராவில் +/− குறியுள்ள ஒளியளவுத் திருத்தத்தில் +1 முதல் +2 வரை கூட்டுங்கள். கறுப்புக்கு −1 அல்லது அதற்கும் கீழே இறக்குங்கள். வெயிலில் நின்று கேமராத் திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஹிஸ்டோகிராமைப் பாருங்கள் (இருண்ட பகுதிகளை இடப்பக்கமும் வெளிச்சமானவற்றை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்). வலது ஓரத்தில் வரைபடம் சுவரில் முட்டியதுபோல் நின்றால், அந்த இடங்களில் விவரம் போய்விட்டது என்று பொருள்.

நான்காம் வாரம் ஐஎஸ்ஓ, இதற்கு ஒரே நாள் போதும். ஒரே காட்சியை 100 முதல் 6400 வரை எடுத்து, நிழலான பகுதியை முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்து, உங்கள் கேமராவில் எதுவரை ஏற்றலாம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஐஎஸ்ஓவுக்குப் பயந்து ஷட்டர் வேகத்தைக் குறைப்பவர்கள் ஏராளம். புள்ளிபுள்ளியாக வந்த படத்தைப் பயன்படுத்தலாம், நடுங்கிய படத்தை என்ன செய்தும் மீட்க முடியாது.

5. ஒளியின் திசைக்கு ஒரு வாரம் முழுவதையும் கொடுங்கள்

உங்கள் பட்டியலில் இந்தத் தலைப்பு இல்லையென்றாலும் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லா வாரங்களிலும் எனக்கு மிகுதியாகக் கற்றுத் தந்தது இதுதான், செலவும் அநேகமாக இல்லை. வேண்டியவை ஒரு வெள்ளை முட்டை, ஒரு வெள்ளைத் தாள், நேரடி வெயில் விழாத ஒரு ஜன்னல், ஒரு கறுப்புத் துணி, ஒரு பக்கமாவது வெள்ளையாக உள்ள ஓர் அட்டை. அறையின் விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவில் பகல் ஒளி ஏறத்தாழ 5500 கெல்வின், வீட்டு மஞ்சள் விளக்கு ஏறத்தாழ 3000 கெல்வின் என்பதால், இரண்டும் கலந்தால் முட்டையின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளும் பூசும், எந்தத் திருத்தத்தாலும் இரண்டையும் ஒருசேரச் சரிசெய்வது கடினம்.

ஜன்னல் இடப்பக்கம் இருக்கும்படி தாளின் மேல் முட்டையை வைத்து, கேமராவைப் புத்தக அடுக்கின் மேல் நிறுத்தி, எஃப் 8-இல், இரண்டு நொடி டைமரில் எடுங்கள். இப்போது முட்டையை இடமிருந்து வலமாக வாசியுங்கள். இடப்பக்கம் பளிச்சென்று இருக்கும். மெல்ல மெல்ல மங்கி, வலப்பக்கம் செல்லச் செல்ல இருளும். ஆனால் மிகவும் இருண்ட பட்டை வலது விளிம்பிலோ அடிப்பாகத்திலோ இருக்காது, சற்று உள்ளே தள்ளி இருக்கும். அடிவிளிம்பு அதைவிட வெளிச்சமாக இருக்கும், ஏனெனில் கீழே உள்ள வெள்ளைத் தாள் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. வலப்பக்கத்தில் கறுப்புத் துணியை நிறுத்தினால் அந்தப் பக்கம் இன்னும் ஆழ்ந்து இருளும். துணியை எடுத்துவிட்டு அட்டையின் வெள்ளைப் பக்கத்தை நிறுத்தினால், இருள் பாதி கலைந்துவிடும். முட்டையை ஜன்னலிலிருந்து அறையின் உட்புறமாக நகர்த்திக்கொண்டே போங்கள். ஒளி குறையும், அதோடு நிழலின் ஓரமும் கூர்மையாகும், ஏனெனில் தூரம் கூடக் கூட முட்டைக்கு ஜன்னல் சிறிய ஒளிமூலமாகிறது. கடைசியாக, ஜன்னல் முட்டைக்குப் பின்னால் வருமாறு நீங்கள் இடம் மாறி நில்லுங்கள். விளிம்பு மட்டும் ஒளிர, முன்பக்கம் சாம்பலாகும். அப்போது +1 கூட்ட வேண்டியிருக்கும்.

ஒவ்வொன்றிலும் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். பிறகு ஒரு நண்பரை அதே ஜன்னலருகில் உட்காரவைத்தால், முட்டையில் பார்த்தவை எல்லாம் மூக்கிலும் கன்னத்திலும் அப்படியே தெரியும்.

6. ஆட்களை எடுக்கும் வாரம்: ஒப்புதல் தாள்கள்

படம் எடுப்பது குறித்த சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. உங்கள் நாட்டின் விதியையும் உங்கள் கல்வி நிறுவனத்தின் விதியையும் இந்த வாரத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சட்டம் எப்படியிருந்தாலும், எழுத்துபூர்வமான ஒப்புதல் பெறுவதே பாதுகாப்பு. ஒரு பக்கத் தாளில் படத்தில் இருப்பவரின் பெயர், தேதி, இடம், படம் எதற்குப் பயன்படும் என்ற விவரம், கையெழுத்து ஆகியவை இருக்கட்டும். வகுப்பில் காட்டுவதற்கு, கண்காட்சியில் வைப்பதற்கு, இணையத்தில் வெளியிடுவதற்கு என மூன்று தனித்தனிக் கட்டங்கள் வைத்து, எதற்குச் சம்மதமோ அதை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். வகுப்புக்கென்று சம்மதித்தவரின் படத்தை இணையத்தில் போடுவது நம்பிக்கைத் துரோகம். சிறுவர்கள் என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும்.

மருத்துவமனை, பள்ளி, வழிபாட்டிடம், போக்குவரத்து நிலையம் போன்ற இடங்களில் எடுப்பதற்கு நிர்வாகத்தின் அனுமதி தேவைப்படலாம். மாணவர் பயிற்சிக்காக எடுக்கப்படுகிறது என்று ஆசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கி, குறைந்தது ஒரு வாரத்துக்கு முன் விண்ணப்பியுங்கள். பதில் உரிய நாளுக்குள் வராமல் போகலாம் என்பதால், அனுமதி தேவைப்படாத மாற்றிடம் ஒன்றை எப்போதும் கைவசம் வைத்திருங்கள்.

7. குறைந்த ஒளி வாரம்

முக்காலி தேவைப்படும் வாரம் இது. வானம் முழுவதும் இருண்ட பிறகு கிளம்பாதீர்கள். சூரியன் மறைந்த பின் வானில் நீலம் மிச்சமிருக்கும் சிறிது நேரத்தில்தான் விளக்கொளியும் வான ஒளியும் சமநிலையில் இருக்கும். முக்காலியை அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, சில நொடிகள் என்று தொடங்கி ஹிஸ்டோகிராமைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். முக்காலியில் இருக்கும்போது நடுக்கத் தடுப்பை அணைப்பது நல்லது, டைமரைப் பயன்படுத்துங்கள். செயற்கை விளக்கொளியில் படத்தின் குறுக்கே கருமையான பட்டைகள் விழுந்தால், அது விளக்கின் சிமிட்டல். மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறையும், 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 120 முறையும் சிமிட்டுகின்றன. மின்னணு ஷட்டரை அணைத்து, 1/50 அல்லது 1/60 நொடிக்கு வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

8. தேர்வு செய்தல்

எடுத்த அன்றே தேர்ந்தெடுக்காதீர்கள், ஓர் இரவு போகட்டும். கேமராத் திரையைப் பார்த்துப் படங்களை அழிக்கவும் வேண்டாம், அந்தச் சிறிய திரையில் ஃபோகஸ் சரியா தவறா என்று உறுதியாகத் தெரியாது. முதல் சுற்றில் ஏறத்தாழ இருபதாகக் குறையுங்கள், இரண்டாம் சுற்றில் ஆறாக, கடைசியில் கேட்ட எண்ணிக்கைக்கு. ஒவ்வொரு சுற்றிலும் முதல் நாள் குறிப்பேட்டில் எழுதிய வாக்கியத்தை வாசித்துவிட்டுப் பாருங்கள். அழகாக இருந்தும் அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்லாத படத்தைத் தனிக் கோப்புறையில் போட்டுவைக்கலாம், ஒப்படைக்கக் கூடாது. எடுப்பதற்குப் பட்ட பாட்டை நினைத்து ஒரு படத்தைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். பார்ப்பவருக்கு அந்தப் பாடு தெரியாது.

9. திருத்தம்

ஒரு படத்துக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சாய்வையும் ஓரங்களையும் சரிசெய்து, வெண்சமநிலை (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது), ஒளியளவு, மாறுபாடு (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு) என்ற வரிசையில் சென்று, கூர்மையைக் கடைசியில் தொடுங்கள். திருத்துவதற்கு ரா கோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிநிலைகள், ஜேபெக்கில் 256 மட்டுமே. அதனால்தான் இருண்ட பகுதியைத் தூக்கும்போது ஜேபெக் திட்டுத்திட்டாக உடைகிறது. கணினித் திரையின் பிரகாசத்தை நடுத்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதை முழுவதும் ஏற்றிவைத்துத் திருத்திய படங்கள் அச்சில் இருண்டு வரும்.

10. ஒப்படைப்பு

ஆசிரியர் வேறு அளவு சொல்லவில்லை என்றால், நீண்ட பக்கம் 2048 பிக்சல், ஜேபெக், எஸ்ஆர்ஜிபி என்பது திரையில் பார்ப்பதற்கு ஏற்றது. கோப்பின் பெயரில் வார எண், உங்கள் பெயர், படத்தின் வரிசை எண் மூன்றும் இருக்கட்டும். படங்களோடு ஒரு சிறு குறிப்புத் தாளையும் இணையுங்கள்: எண்ணிய வாக்கியம், இரண்டாம் முறையில் எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள். ஆட்கள் இருந்தால் ஒப்புதல் தாளின் நகலும் வேண்டும்.

வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் படமாக அனுப்பினால், அளவு சுருங்குவதோடு ஷட்டர் வேகம் முதலான விவரங்களும் நீங்கிவிடும். ஆசிரியர் அந்த எண்களைப் பார்த்துத்தான் பயிற்சியை மதிப்பிடுகிறார் என்றால் அது வீணாகும், எனவே ஆவணமாக அனுப்புங்கள். பகிர்வு இணைப்பாகக் கொடுத்தால், உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி அந்த இணைப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். 'அனுமதி இல்லை' என்று நிற்கும் இணைப்பு, உரிய நேரத்தில் ஒப்படைத்ததாகக் கணக்கில் வராது. இதற்கு மாறாக, பொது இணையத்தில் வெளியிடும்போது படத்துக்குள் இருக்கும் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள், முக்கியமாக வீட்டில் எடுத்த படங்களில். பயிற்சிப் படங்களைப் போட்டிக்கு அனுப்ப நினைத்தால், விதிகளில் பதிப்புரிமை பற்றிய பத்தியை முழுவதும் வாசியுங்கள். கலந்துகொள்வதாலேயே எல்லா உரிமையையும் ஒப்படைக்கச் சொல்லும் போட்டிகள் உண்டு.

11. கோப்புகளைக் காத்தல்

24 மெகாபிக்சல் கேமராவின் ரா கோப்பு ஒன்று ஏறத்தாழ 25 முதல் 30 மெகாபைட். வாரத்துக்கு 150 படங்கள் என்றால் 4 ஜிகாபைட்டுக்குச் சற்று மேல், 12 வாரங்களில் ஏறத்தாழ 50 ஜிகாபைட். இது பெரிய அளவன்று, எனவே மூன்று பிரதிகள் வைத்துக்கொள்வதற்குத் தயங்க வேண்டியதில்லை: கணினியில் ஒன்று, வெளிப்புற ஹார்டு டிஸ்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே அல்லது இணையச் சேமிப்பகத்தில் ஒன்று. இரண்டு பிரதிகளாவது உறுதியான பிறகே மெமரி கார்டை ஃபார்மட் செய்யுங்கள். அதையும் கணினியில் செய்யாமல் கேமராவிலேயே செய்யுங்கள்.

12. விமர்சனத்தைக் கேட்பதும், தவறிய வாரத்தை ஈடுசெய்வதும்

வகுப்பில் உங்கள் படம் திரையில் வரும்போது விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். முதலில் மற்றவர்கள் அதில் என்ன பார்க்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். 'நன்றாக இருக்கிறது' என்பவரிடம், 'கண் முதலில் எங்கே போயிற்று?' என்று கேளுங்கள். அந்த விடை உங்களுக்குப் பயன்படும். பிறருடைய படத்தைப் பற்றிப் பேசும்போதும் அதையே செய்யுங்கள்.

தேர்வோ வேலையோ வந்து ஒரு வாரம் தவறிவிட்டால், அடுத்த வாரம் இரண்டு பயிற்சிகளைச் சேர்த்துச் செய்ய முயலாதீர்கள். இரண்டிலும் இரண்டாம் முறைக்கு நேரமில்லாமல் போய்விடும். நடப்பு வாரத்தை முழுமையாக முடியுங்கள், தவறியதைப் பட்டியலின் கடைசியில் சேர்த்து ஆசிரியரிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். முதல் நான்கு வாரங்களில் ஒன்று தவறினால் மட்டும் இந்த விதி பொருந்தாது. அதை அப்போதே முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும், ஏனெனில் அதற்குப் பிறகு வரும் தலைப்புகள் எல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கின்றன.